பூமிக்குள் அனுப்பும் தண்ணீர் நிலத்தை அசைக்குமா?

குமரிக் கடலில் ஹைட்ரோகார்பன் எடுக்கப் போகிறார்கள் என்ற பேச்சு எழுந்ததிலிருந்து முட்டம், குளச்சல், மணக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் ஒரு பயம் பரவியிருக்கிறது: "கடலுக்குள்ள தொள போட்டா பின்னயும் சுனாமி வருமா?" 2004 டிசம்பர் 26ஆம் தேதியைப் பார்த்த கரை இது. அந்தக் காலைக்குப் பிறகு இங்கே இப்படி ஒரு கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். அறியாமை என்று அதை ஒதுக்கிவிடக் கூடாது. மனிதர் செய்த வேலையால் நிலம் நடுங்கியது உலகில் பல இடங்களில் பதிவாகியிருக்கிறது. இந்தியாவில் உயிர்ச்சேதத்தோடு நடந்திருக்கிறது. ஆனால் அந்த நடுக்கங்களில் பெரும்பாலானவற்றுக்குத் துளையைக் குற்றம் சொல்ல முடியாது. பாறைக்குள் இறங்கிய தண்ணீர்தான் அங்கே வேலை செய்தது.

முதலில் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். எண்ணெய்க் கிணற்றில் எண்ணெய் மட்டும் வருவதில்லை. எண்ணெய் தங்கியிருக்கும் அதே பாறைத் துளைகளில், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அடைபட்ட பழைய கடல்நீரும் இருக்கிறது. எண்ணெயை இழுத்தால் அதுவும் சேர்ந்து வரும். கிணற்றுக்கு வயதாக ஆக எண்ணெய் குறையும், தண்ணீர் கூடும். அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் சில இடங்களில் ஒரு பீப்பாய் எண்ணெய்க்குப் பத்துப் பீப்பாய்க்கு மேல் தண்ணீர் வந்தது. பல இடங்களில் இந்த நீர் கடல்நீரைவிட உப்பு மிகுந்தது. எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். சில இடங்களில் ரேடியம் போன்ற கதிரியக்கப் பொருளும் கலந்திருக்கும். வயலில் விட்டால் பயிர் கருகும், ஆற்றில் விட்டால் மீன் சாகும், சுத்தம் செய்யப் பணம் நிறைய வேண்டும். அதனால் குடிநீர் கிடைக்கும் மட்டத்துக்கு வெகு கீழே இன்னொரு ஆழ்கிணறு இறக்கி, அதன் வழியாகப் பூமிக்குள்ளேயே தள்ளிவிடுகிறார்கள். கண்ணில் படாமல் போய்விடுவதால் பிரச்சினை தீர்ந்தது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள்.

உள்ளே போன தண்ணீர் என்ன செய்கிறது என்று புரிந்துகொள்ள முட்டத்துப் பாறைகளையே பார்க்கலாம். கலங்கரை விளக்கத்துக்குக் கீழே கடலை ஒட்டிக் கிடக்கும் பாறைகளை அருகில் போய்ப் பார்த்தால், ஒரே கல் என்று தூரத்தில் தோன்றியது அப்படி இல்லை என்று தெரியும். கோடு போட்டதுபோல் வெடிப்புகள் ஓடும். மேலே பெய்த மழை அந்த வெடிப்புகளில் இறங்கி, மழை விட்ட பிறகும் பாறையின் இடுக்கில் ஈரமாகக் கசிந்துகொண்டிருக்கும். ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழமையான, மிகக் கெட்டியான பாறையிலேயே நிலைமை இதுதான். பூமிக்கு அடியில் சில கிலோமீட்டர் போனாலும் பாறையில் வெடிப்பு இருக்கும்; வெடிப்பில் தண்ணீர் இருக்கும். அந்த வெடிப்புகளில் சில பல கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடி, இரு பக்கத்துப் பாறையும் எப்போதோ ஒன்றை ஒன்று உரசி நகர்ந்த தடங்கள். அவற்றைத்தான் புவியியலாளர்கள் பிளவு என்கிறார்கள். நிலநடுக்கம் என்பது அந்தப் பிளவின் இரு பக்கமும் திடீரென்று மறுபடி வழுக்குவது.

வழுக்க வைக்கும் விசை எப்போதும் இருக்கிறது. இந்திய நிலத்தட்டு ஆண்டுக்கு ஏறக்குறைய ஐந்து சென்டிமீட்டர் வடக்கே நகர்ந்து இமயமலையில் முட்டிக்கொண்டிருக்கிறது. அந்த நெருக்கல் இமயத்தோடு நின்றுவிடுவதில்லை; தீபகற்பம் முழுவதும் பாறைக்குள் பரவிக் கிடக்கிறது. 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூர்ப் பகுதியை 6 அளவுள்ள நடுக்கம் உலுக்கியதும், 1993 செப்டம்பர் 30 அன்று மகாராஷ்டிரத்தின் லாத்தூர்ப் பகுதி இடிந்து விழுந்ததும், அசையாத நிலம் என்று எண்ணிய இடங்களில்தான். பிளவுகளை இத்தனை நெருக்கலிலும் நகராமல் பிடித்து வைத்திருப்பது, மேலே இருக்கும் பாறையின் பாரம் தரும் உராய்வு.

அந்த உராய்வைத் தண்ணீர் குறைத்துவிடும். எப்படி என்பது கடற்கரையில் வாழ்கிறவர்களுக்கு எளிதாகப் புரியும். கரையில் ஏற்றி வைத்த வள்ளத்தைக் கடலில் தள்ளப் பாருங்கள். நாலு பேர் சேர்ந்து நெம்பினாலும் மணலை விட்டு நகராது. ஓர் அலை வந்து அடியில் புகுந்து லேசாகத் தூக்கினால், அதே நாலு பேரின் அதே தள்ளலுக்கு வள்ளம் வழுக்கிப் போகும். வள்ளத்தின் எடை குறையவில்லை, தள்ளும் பலமும் கூடவில்லை. மணலை அழுத்திய பாரத்தில் ஒரு பங்கை நீர் தாங்கிக்கொண்டது, அவ்வளவுதான். பிளவுக்குள் நீரின் அழுத்தம் ஏறும்போதும் இதுதான் நடக்கிறது. இரு பக்கப் பாறையையும் நீர் உள்ளிருந்து விலக்கிப் பிடிக்கிறது, இறுக்கம் தளர்கிறது, ஏற்கெனவே தள்ளிக்கொண்டிருந்த விசைக்கு அது போதும். தண்ணீர் எண்ணெய்போல வழவழப்பாக்குகிறது என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியில்லை. வேலை செய்வது அழுத்தம்.

இது முதன்முதலில் தெளிவாகத் தெரிந்த கதை அமெரிக்காவின் டென்வர் நகருக்கு அருகே நடந்தது. அங்கே ராக்கி மவுண்டன் ஆர்சனல் என்ற ராணுவத் தொழிற்சாலையில் நச்சுவாயு ஆயுதங்கள் தயாரித்தார்கள். அதன் கழிவுநீரைக் கொட்ட 3,671 மீட்டர் ஆழத்துக்கு ஒரு கிணறு இறக்கி, 1962 மார்ச்சில் உள்ளே செலுத்தத் தொடங்கினார்கள். சில வாரங்களில் அந்தப் பகுதி நடுங்க ஆரம்பித்தது. 1965 நவம்பரில் டேவிட் எவான்ஸ் என்ற புவியியலாளர் இரண்டு கணக்குகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துக் காட்டினார்: மாதந்தோறும் கிணற்றில் விட்ட தண்ணீரின் அளவு, அதே மாதம் ஏற்பட்ட நடுக்கங்களின் எண்ணிக்கை. ஒன்று ஏறினால் மற்றதும் ஏறியது, இறங்கினால் இறங்கியது. 1966 பிப்ரவரியில் கிணற்றை நிறுத்தினார்கள். ஆனால் அங்கே வந்ததிலேயே பெரிய நடுக்கம் நிறுத்தி ஒன்றரை ஆண்டு கழித்து, 1967 ஆகஸ்டில் வந்தது. கிணற்றடியில் ஏறிய அழுத்தம் பாறை வெடிப்புகளின் வழியே மெல்ல மெல்லப் பரவிக்கொண்டே இருந்திருக்கிறது. குழாயை மூடியவுடன் ஆபத்தும் மூடிவிடாது என்பது அப்போதே தெரிந்துபோனது.

பிறகு அதே கொலராடோ மாநிலத்தில் ரேஞ்ச்லி என்ற எண்ணெய் வயலில், 1969 முதல் சில ஆண்டுகள் அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் வேண்டுமென்றே ஒரு சோதனை செய்தது. கிணறுகளில் நீரழுத்தத்தை ஏற்றினார்கள், நடுங்கியது. இறக்கினார்கள், நின்றது. மறுபடி ஏற்றினார்கள், மறுபடி நடுங்கியது. எந்த அழுத்தத்தைத் தாண்டினால் பாறை நழுவும் என்று முன்கூட்டியே போட்ட கணக்கும் பொருந்தி வந்தது. அதற்கு மேல் இந்த விஷயத்தில் சந்தேகத்துக்கு இடமில்லை.

டென்வர் நடுங்கிய அதே 1967ஆம் ஆண்டின் கடைசியில் இந்தியாவுக்கும் இந்தப் பாடம் வந்து சேர்ந்தது; இங்கே விலை உயிர்கள். மகாராஷ்டிரத்தின் மேற்குத் தொடர்ச்சி மலையில் கொய்னா ஆற்றின் குறுக்கே 103 மீட்டர் உயரத்துக்கு அணை கட்டி, 1962 வாக்கில் நீரைத் தேக்கத் தொடங்கினார்கள். பெரிய நடுக்கம் எதுவும் தெரிந்திராத பகுதி. நீர் ஏறத் தொடங்கியதும் சின்னச் சின்ன அதிர்வுகள் வந்தன. 1967 டிசம்பர் 11 விடியற்காலை, ஊர் உறங்கிக்கொண்டிருந்த நேரத்தில், 6.3 அளவில் நிலம் குலுங்கியது. கொய்னாநகர் தரைமட்டமானது. ஏறக்குறைய 200 பேர் இறந்தார்கள். அணையிலேயே விரிசல் விழுந்து, பிறகு பலப்படுத்த வேண்டியதாயிற்று.

கொய்னாவில் யாரும் கழிவுநீரைக் குழாயில் வைத்துத் தள்ளவில்லை. ஆனாலும் காரணம் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது: தேங்கிய நீரின் பாரமும், அந்த நீர் பாறை வெடிப்புகளில் இறங்கி ஏற்றிய அழுத்தமும். அணையின் நீர் உலகத்தில் தூண்டிய நடுக்கங்களிலேயே மிகப் பெரியது என்று புவியியலாளர்கள் எடுத்துக்காட்டுவது இதைத்தான். அதைவிட முக்கியமானது, கொய்னா இன்னும் அடங்கவில்லை என்பது. ஏறக்குறைய 20க்கு 30 கிலோமீட்டர் பரப்புக்குள், அறுபது ஆண்டுகளாக, ஆயிரக்கணக்கில் சிறு நடுக்கங்களும், 5ஐத் தாண்டிய இருபதுக்கும் மேற்பட்ட நடுக்கங்களும் வந்திருக்கின்றன. மழைக்காலத்தில் நீர்மட்டம் ஏறிய பிறகு நடுக்கம் கூடுகிறது. ஐதராபாத் தேசியப் புவி இயற்பியல் ஆய்வுக் கழகத்தைச் சேர்ந்த ஹர்ஷ் குப்தா பல பத்தாண்டுகளாக இதைத் தொடர்ந்து ஆராய்ந்தவர். ஒரு வாரத்தில் நீர்மட்டம் 12 மீட்டருக்கு மேல் வேகமாக ஏறுவதற்கும், 5 அளவைத் தாண்டும் நடுக்கங்களுக்கும் உள்ள தொடர்பை அவர் எடுத்துக்காட்டினார். நீர் எவ்வளவு என்பதோடு எவ்வளவு வேகத்தில் ஏறுகிறது என்பதும் முக்கியம்.

இப்போது அங்கே நடுக்கம் பிறக்கும் இடத்துக்கே துளையிட்டு இறங்கிப் பார்க்கிறார்கள். ஒன்றியப் புவி அறிவியல் அமைச்சகம் கராட் நகரில் இதற்கென்றே ஓர் ஆய்வகம் வைத்து, 2017இல் 3 கிலோமீட்டர் ஆழத்துக்குச் சோதனைத் துளை ஒன்றை முடித்தது. மேலே ஒன்றேகால் கிலோமீட்டர் கனத்துக்கு எரிமலைக் கருங்கல். அதற்குக் கீழே கிரானைட். நடுக்கங்கள் பிறப்பது அந்தக் கிரானைட்டுக்குள். நல்ல வேலை இது. கடலுக்கும் மலைக்கும் அடியில் எதையாவது செய்வதற்கு முன் அங்கே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்ற அடிப்படை ஒழுங்கை, அரை நூற்றாண்டு தாமதமாக என்றாலும், நம் நாடு இங்கே கடைப்பிடித்திருக்கிறது.

நம் மாவட்டத்துப் பேச்சிப்பாறை பற்றியும் யாராவது கேட்கலாம். 1906இல் கட்டி முடித்த அந்த அணை கொய்னாவோடு பார்த்தால் மிகச் சிறியது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக நிறைந்தும் வற்றியும் வருகிறது. கொய்னாவை நினைத்து அதைக் கண்டு பயப்படக் காரணம் இல்லை.

கழிவுநீருக்கே திரும்பி வருவோம். டென்வரிலும் ரேஞ்ச்லியிலும் தெரிந்துகொண்டதை எண்ணெய்த் தொழில் மறந்துவிட்டதோ என்று நினைக்க வைத்தது ஓக்லஹோமா. 2009க்கு முன்பு அங்கே 3 அளவைத் தாண்டும் நடுக்கம் ஆண்டுக்கு ஒன்றிரண்டு வரும். 2015ஆம் ஆண்டில் மட்டும் 900க்கு மேல் வந்தன. பாறையை உடைத்து எரிவாயு எடுக்கும் முறைதான் காரணம் என்று ஊர் முழுக்கப் பேசினார்கள். அது கொஞ்சம்தான். பெரும்பங்கு, எண்ணெயோடு வந்த உப்புநீரை ஆர்பக்கிள் என்ற சுண்ணாம்புப் பாறை அடுக்கில் கொட்டியதால் வந்தது. அந்த அடுக்கு தாராளமாகத் தண்ணீரை வாங்கிக்கொண்டது. ஆனால் அது நேராக அடிக் கிரானைட்டின் மேல் உட்கார்ந்திருந்தது. அழுத்தம் கீழே இறங்கி, யார் வரைபடத்திலும் இல்லாத பழைய பிளவுகளை எட்டியது. 2011இல் பிராக் என்ற சிற்றூரில் வீடுகள் சேதமாயின. 2016 செப்டம்பர் 3 அன்று பாணி என்ற ஊருக்கு அருகே 5.8 அளவில் வந்தது, அந்த மாநிலம் கண்டதிலேயே பெரியது. அரசு வற்புறுத்திக் கழிவுநீரின் அளவைக் குறைக்க வைத்த பிறகு நடுக்கங்கள் படிப்படியாகக் குறைந்து, 2019இல் ஆண்டுக்கு நூற்றுக்கும் கீழே வந்தன. குறைத்தால் குறைகிறது என்பதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை.

நீரின் அளவு சிறியதாக இருந்தால் பாதுகாப்பு என்று நிம்மதியடையவும் முடியாது. தென்கொரியாவின் போஹாங் நகரில், பூமியின் சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்க நான்கு கிலோமீட்டருக்கு மேல் துளையிட்டு நீர் செலுத்தினார்கள். ஓக்லஹோமாவில் கொட்டியதோடு பார்த்தால் அது சொற்பம். ஆனால் துளை ஒரு பிளவின் பக்கத்திலேயே போய் நின்றுவிட்டது. 2017 நவம்பர் 15 அன்று ஏறக்குறைய 5.5 அளவில் நகரம் குலுங்கி, நூற்றுக்கு மேற்பட்டோர் காயமடைந்தார்கள். 2019 மார்ச்சில் அரசு அமைத்த நிபுணர் குழு, நீர் செலுத்தியதே இதைத் தூண்டியது என்று வெளிப்படையாக அறிவித்தது.

இனி கடலுக்குள் நடந்த ஒன்று. முட்டத்துக்காரர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான். ஸ்பெயினின் கிழக்குக் கரைக்கு அப்பால், கரையிலிருந்து இருபது கிலோமீட்டர் அளவு தூரத்தில், தீர்ந்துபோன ஓர் எண்ணெய் வயலில் எரிவாயுவைச் சேமித்து வைக்கும் காஸ்டர் திட்டம் வந்தது. 2013 செப்டம்பரில் வாயுவைச் செலுத்தியபோது கடலடியில் நூற்றுக்கணக்கான நடுக்கங்கள். வேலையை நிறுத்திய பிறகு, அக்டோபர் தொடக்கத்தில், 4ஐத் தாண்டிய பெரியவை வந்தன. உள்ளே போனது தண்ணீர் இல்லை, வாயு. கடலுக்கு அடியிலும் அழுத்தத்தின் கணக்கு ஒன்றுதான். கரை ஊர்க்காரர்கள் நடுக்கத்தை உணர்ந்து எதிர்த்தார்கள், திட்டம் கைவிடப்பட்டது, அதன் கடன் மக்கள் தலையில் விழுந்தது. சுனாமி வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதில் முதல் கேள்விக்கான பதில் இருக்கிறது. 2004இல் சுமத்திராவுக்கு அருகே நடந்தது 9.1 அளவு. அங்கே ஒரு நிலத்தட்டு இன்னொன்றின் அடியில் புகுந்துகொண்டிருக்கிறது. 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பிளவு கிழிந்து, கடல்தரையே மேலெழும்பி, மேலே நின்ற நீரை முழுவதுமாகத் தூக்கியது. நடுக்கத்தின் அளவு ஒன்று கூடினால் வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 32 மடங்கு கூடும். அந்தக் கணக்கில் ஓக்லஹோமாவின் மிகப் பெரிய நடுக்கத்தைப் போல 90,000 மடங்கு ஆற்றல் அன்று வெளிப்பட்டது. அப்படியொரு தட்டு எல்லை குமரிக் கடலுக்கு அடியில் இல்லை. கடலைக் கரைக்கு ஏற்றி ஊரை அழிக்கும் சுனாமிக்குச் சாதாரணமாக 7ஐத் தாண்டிய நடுக்கம் வேண்டும். கழிவுநீர் தூண்டிய எதுவும் அதன் பக்கத்தில் வந்ததில்லை. ஆகவே துளை போட்டால் 2004 திரும்பும் என்று யாராவது மேடையில் பேசினால், அதை நம்பித் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

அதற்காகக் கேள்வியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குமரிக்குத் தெற்கே கிடக்கும் வாட்ஜ் பேங்க், மீன்வளம் நிறைந்த கடல்மேடு; 1976இல் இலங்கையோடு செய்த ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு உரியது. அதன் பக்கத்தில் எண்ணெய் தேடுவதை மீனவர்கள் எதிர்ப்பதற்கு மீனும் பிழைப்புமே போதுமான காரணங்கள். சுனாமிப் பயத்தை அதோடு கட்டினால், பயம் பொய் என்று காட்டிவிட்டு, உண்மையான காரணங்களையும் சேர்த்து ஒதுக்கிவிடுவார்கள். வலுவான கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு பலவீனமானதைக் கேட்கக் கூடாது.

வலுவான கேள்வி தண்ணீரைப் பற்றியது. ஆழ்கடல் கிணறுகளில் எண்ணெயோடு வரும் நீரை, ஓரளவு சுத்தம் செய்து கடலில் விடுவார்கள், அல்லது பூமிக்குள் திருப்பிச் செலுத்துவார்கள். எண்ணெய் எடுத்த அதே அடுக்குக்குள் எடுத்த அளவுக்குத் திருப்பினால், காலியான இடம் நிரம்புகிறது; ஆபத்து குறைவு. வேறொரு அடுக்கில் மேலும் மேலும் சேர்த்தால் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். வெறுமனே எடுத்துக்கொண்டே இருப்பதிலும் சிக்கல் உண்டு: நெதர்லாந்தின் குரோனிங்கனில் எரிவாயுவை எடுத்து எடுத்து நிலம் அமுங்கி, வீடுகள் விரிசல் விட்டு, கடைசியில் 2023இல் அந்த வயலையே நிறுத்தினார்கள். நம் நாட்டில், நிலத்தில் உள்ள எண்ணெய்க் கிணறுகளின் கழிவுநீரைக் கைவிட்ட கிணறுகளில் செலுத்துவதற்கு விதி இருக்கிறது: 1,000 மீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும், நீரில் எண்ணெயும் திடப்பொருளும் குறிப்பிட்ட அளவைத் தாண்டக் கூடாது. நிலத்தடி நீரைக் காப்பாற்ற அது உதவும். நடுக்கத்தைத் தடுப்பது கிணற்றின் ஆழம் அல்ல. செலுத்தும் அழுத்தம், வேகம், மொத்த அளவு, அருகில் உள்ள பிளவு இவற்றின் மேல் வைக்கும் கண்காணிப்புதான்.

ஆகவே கருத்துக் கேட்புக் கூட்டம் என்று ஒன்று நடந்தால், கரையோரத்துப் பங்குப் பேரவைகளும் மீனவர் சங்கங்களும் ஊராட்சிகளும் கேட்க வேண்டியவை இவை. வரும் நீர் எங்கே போகும்? பூமிக்குள் என்றால் எந்த அடுக்கில், எவ்வளவு அழுத்தத்தில், மாதம் எவ்வளவு? பக்கத்தில் பிளவு இருக்கிறதா என்று யார் பார்த்தார்கள், அந்த வரைபடம் எங்கே? அதிர்வு எந்த அளவைத் தொட்டால் வேலையை நிறுத்துவீர்கள், நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாரிடம்? பதில் வாய்வார்த்தையாக வந்தால் போதாது. எழுத்தில், தமிழில் வேண்டும்.

இன்னொன்றை இப்போதே கேளுங்கள். எந்தக் கிணறும் இறங்குவதற்கு முன்பே, இந்தக் கரையில் நில அதிர்வுமானிகளை வைத்துச் சில ஆண்டுகளாவது பதிவு செய்து, அந்தப் பதிவைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடச் சொல்லுங்கள். முன்பு எப்படி இருந்தது என்ற பதிவு கையில் இல்லாவிட்டால், பிறகு ஒருநாள் நிலம் அசையும்போது அது இயற்கையா, கிணறா என்று யாராலும் நிரூபிக்க முடியாது.